லோன்றியில் படித்த சோமாலி

எனக்கு நாலு மொழி தெரியும். படித்தது ஏழாம் வகுப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் ஆட்கள் என்னை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தமிழ் வீட்டில் வந்தது. சிங்களம் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியபோது வந்தது. இங்கிலிஷ் மெல்பேர்ணில் பஸ் பிடித்துப் பிடித்து வந்தது. இவை மூன்றும் தாமாக வந்தவை, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாலாவதான சோமாலியை நான் கதிரை போட்டு இருந்து படித்தேன். இலக்கணத்தோடு படித்தேன். எனக்கு மேலே இருந்த வெள்ளைக்கார மனேச்சருக்குப் பக்கத்தில் இருந்து படித்தேன். அவருக்கு முந்தி நான் பிடித்துக்கொண்டேன் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

இதை எழுதவைத்தது கவிதா. நான் வேலை செய்து இளைப்பாறிய லோன்றியில், அதாவது சலவைத் தொழிற்சாலையில், இப்போது சுப்பவைசராக இருக்கிற மலேசியத் தமிழ்ப் பிள்ளை. போன மாதம் பழைய ஆட்களைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள்.

"அங்கிள், இதுல தமிழ்ல பேசுனா அதுவே சோமாலில சொல்லிடுது லா. நீங்க எதுக்கு அவ்ளோ கஷ்டப்பட்டுப் படிச்சீங்க?"

பேசிப் பார்த்தேன். நல்லாகத்தான் சொன்னது. என்னைவிட வேகம். அதில் எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. இருந்து எழுத வேண்டிய பதில் அது.

எங்கள் லோன்றி மெல்பேர்ணின் மேற்குப் பக்கம். ஆஸ்பத்திரித் துணிதான் முழுக்க. முதல் வருடங்களின் கதை ஒரு வரிக்கு மேல் இல்லை: அழுக்குத் துணி பிரித்தேன், ஈரத் துணி இழுத்தேன், காய்ந்த துணி மடித்தேன். பிறகு சுப்பவைசர் ஆனேன். என்னோடு சேர்ந்தவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் நின்றேன். நின்றவனுக்குத்தான் சாவிக்கொத்து வந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், கதை அதில்தான் நிற்கிறது. 'கூடு' என்று நாங்கள் சொல்வது, ஆள் உயரத்துக்குக் கம்பி அடைத்த, நாலு சில்லுப் பூட்டிய வண்டி. ஈரத் துணி ஏற்றினால் ஒரு மாடு அளவு பாரம் வரும். ஈரக் கூட்டைத் தனி ஆள் தள்ளக் கூடாது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் நின்று தள்ளுவார். மற்றவர் முன்னால், நேர் முன்னால் அல்ல, ஒரு பக்கமாக விலகி நடப்பார். கழுவுகிற பகுதிக்கும் ஸ்திரிக்கை மிசின் பகுதிக்கும் நடுவே ஒரு வாசல். அதில் கதவு இல்லை, தடித்த பிளாஸ்டிக் நாடாக்கள் தொங்கும். அந்த இடத்தில் கூட்டை நிறுத்த வேண்டும். முன்னால் நிற்பவர் நாடாவை விலக்கித் தலையை நீட்டிப் பார்த்து, கையை உயர்த்த வேண்டும். கை உயர்ந்த பிறகுதான் சில்லு உருளலாம். கத்திச் சொல்லுவதில் பிரயோசனம் இல்லை, மிசின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது. இந்த ஒழுங்கைப் போட்டவன் நான்தான். இன்றைக்கும் அங்கே அதுதான் நடக்கிறது.

மனேச்சர் ஒரு பெண், பெயர் டொனா. அகலமான தோள், மெல்லிய குரல். சத்தம் போட்டு நான் கண்டதில்லை. ஏதும் பிழை நடந்தால் அந்த இடத்துக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எதுவும் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரத்தில் பிழை விட்டவன் தானே வாய் திறப்பான். நான் பத்து நிமிடம் ஏசிச் செய்கிற வேலையை அவர் சும்மா நின்று செய்வார். எனக்கு அது பிடிபடவே இல்லை. என் வழி எனக்கு.

பின்நேர ஷிஃப்றில் பாதிப் பேர் சோமாலியர் ஆன பிறகு, ஒருநாள் டொனா கன்ரீனில் அறிவித்தார்: "நான் சோமாலி படிக்கப் போகிறேன். யாராவது சேர்ந்தால் சந்தோஷம்." துணி மடிக்கிற ஹோதன் என்ற சோமாலிப் பிள்ளைதான் வாத்தியார். புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. மாணவர்கள் இரண்டே பேர், டொனாவும் நானும்.

எனக்கு லேசாக இருந்தது, ஏனென்றால் சோமாலியில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்று நாங்கள் அடுக்குகிற மாதிரியே அடுக்கலாம். டொனாவுக்கு அது தலையிடி. இங்கிலிஷ்காரருக்கு வினைச்சொல் நடுவில் நிற்காவிட்டால் மூச்சு முட்டும். 'நான் சாப்பிடுகிறேன்' வரைக்கும் ஓடிவந்துவிட்டு, சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்பார். சோமாலியில் 'உண்' என்பதற்கு உள்ள சொல்லும் கிட்டத்தட்ட 'உன்' தான், தொண்டைக்குள் இருந்து வர வேண்டும். அதைக் கண்டுபிடித்த அன்று நான் கன்ரீன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆண் பெண் விஷயம்தான் எங்கள் இருவரையும் ஒன்றாக விழுத்தியது. சோமாலியில் எல்லாப் பொருளும் ஒன்றில் ஆண் அல்லது பெண். ஒரு கதவு ஆண். பல கதவுகள் என்றால் பெண்.

டொனா பேனையைக் கீழே வைத்தார். "ஹோதன், ஒரு கதவு ஆண். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆண் கதவு வருகிறது. உடனே இரண்டும் பெண்ணா?"

"ஓம்."

"ஏன்?"

"அதைக் கதவிடம்தான் கேட்க வேண்டும்," என்றாள் ஹோதன்.

இன்னொரு நாள் 'நாங்கள்' படித்தோம். அவர்களிடம் இரண்டு உண்டு. எதிரில் நிற்பவனையும் சேர்த்துச் சொன்னால் ஒன்று, அவனை விட்டுச் சொன்னால் மற்றது. தமிழில் நாம், நாங்கள் என்று புத்தகத்தில் இருக்கிற மாதிரி. இங்கிலிஷில் ஒன்றுதான். டொனா சொல்லிப் பார்த்த வசனம்: "நாங்கள் இந்தக் கூடுகளை முடிக்க வேண்டும்." ஹோதன் உடனே பிடித்துக்கொண்டாள்.

"எந்த நாங்கள்? நீங்களும் தள்ள வருகிறீர்களா, இல்லாவிட்டால் எங்களை மட்டும் சொல்கிறீர்களா?"

டொனாவின் முகம் சிவந்துபோனது. அடுத்த நாள் பின்நேரம் கையுறை போட்டுக்கொண்டு வந்து, நாலு கூடு தள்ளிவிட்டுத்தான் தன் அறைக்குப் போனார். எனக்குச் சோமாலி வேகமாக வந்தது உண்மை. டொனாவுக்குப் படித்த ஒவ்வொரு சொல்லும் உடம்பில் இறங்கியது. இரண்டும் இரண்டு விதம்.

இனி அந்தக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

லீபான் என்று ஒரு சோமாலிப் பொடியன். பொடியன் என்றாலும் கலியாணம் முடித்தவன். மனைவி நைரோபியில் விசாவுக்குக் காத்திருந்தாள். இவனுக்கு நிரந்தர வேலை இருந்தால்தான் அந்த அலுவல் நகரும். ஒருநாள் அவனோடு தள்ளுகிறவன் சுகமில்லை என்று வரவில்லை. ஆஸ்பத்திரி லொறி வெளியே காத்து நின்றது. லீபான் ஈரக் கூட்டைத் தனியாகத் தள்ளினான். நாடா வாசலில் நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் எங்கள் மன்னார்ப் பிள்ளை றெஜினா, விழுந்த துணியொன்றை எடுக்கக் குனிந்திருந்தாள். கூடு அவளுடைய கணுக்காலில் ஏறிவிட்டது. எலும்பு முறிவு. பிளேட் வைத்துப் பூட்டினார்கள்.

லீபானை வேலையால் நிறுத்திவைத்தார்கள். சிட்னியில் இருந்த தலைமைக் கந்தோர், பாதுகாப்பு அதிகாரி ஒருவரை அனுப்பி விசாரித்து முடிவு எடுக்கும் என்றது. அவர் றெஜினாவின் வீட்டுக்கே வருவார், அவள் என்ன சொல்கிறாள் என்பதை வைத்துத்தான் லீபான் திரும்ப வருவதும் வராததும். றெஜினா என்ன சொல்லப் போகிறாள் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. நான் பார்க்கப் போனபோதே சொன்னாள்.

"அண்ணை, அவன்ர முகத்தை நான் திரும்பப் பாக்கக் கூடாது. காலை உடைச்சவன், இத்தனை நாளிலை எப்பிடி இருக்கிறியள் எண்டு ஒரு சொல் கேட்டானா? நாய்க்கு அடிபட்டாலும் நிண்டு பாப்பாங்கள்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

விசாரணைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, றெஜினாவின் புருஷன் அன்ரன் எனக்கு ரெலிபோன் எடுத்தான்.

"அண்ணை, வாசல்லை ஒரு படை நிக்குது. பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாம் லீபானின்ர ஆக்கள். கிழவங்கள் பொல்லோடை நிக்கிறாங்கள். நான் பொலிசுக்கு அடிக்கப் போறன்."

"பொறு, அடிக்காதை. என்ன செய்யிறாங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. நிக்கிறாங்கள்."

"நிண்டால் நிக்கட்டும். நான் வாறன்."

வாசலில் ஆண்கள் கூட்டமாக வந்து சத்தமில்லாமல் நின்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. அன்ரன் பயந்ததில் பிழை இல்லை. அவர்களுடைய வீடு டார்னெய்ட்டில், என் வீட்டில் இருந்து கிட்ட. காரை எடுக்க முதல் டொனாவுக்குச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த மெல்லிய குரல்: "ராஜ், நான் அங்கே வரக் கூடாது. வந்தால் மனேச்சர் வந்து றெஜினாவை வற்புறுத்தினார் என்று ஆகிவிடும். நீ போ. அவள் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போ. அவள் வேண்டாம் என்றால் அவர்களைத் திருப்பி அனுப்பு. இன்னொன்று. உன் சோமாலி வேகமானது. அதை இன்றைக்கு மெதுவாகப் பேசு. முதலில் நலம் கேள். கேட்டு முடிந்தது என்று உனக்குத் தோன்றும்போது இன்னும் கேள்."

போய் இறங்கினேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து நேரே வந்திருக்கிறார்கள். நீண்ட வெள்ளை அங்கி, தொப்பி. முன்னால் நின்ற பெரியவருக்கு மருதாணி போட்ட தாடி. பொல்லு நடக்கிறதுக்குத்தான். பின்னால் இரண்டு பேர் பெரிய தட்டொன்றைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் இங்கிலிஷ் தெரிந்தவன் டாக்சி ஓட்டுகிற ஒரு மருமகன், அவன் இன்னும் வந்து சேரவில்லை என்பது பிறகு தெரிந்தது.

"மா நபத் பா?" என்றேன். சமாதானமா என்று அர்த்தம். சமாதானம் என்றார். வீட்டில் சமாதானமா? சமாதானம். பிள்ளைகள்? சமாதானம். உடம்பு? வேலை? வந்த வழி? எல்லாம் கேட்டேன். அவரும் திருப்பி என்னைக் கேட்டார். பிறகு, "நீ யார்?" என்றார். நான் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் பாட்டனாரின் பெயரையும் அடுக்காகச் சொன்னேன்: ராசரத்தினம் கந்தையா வேலுப்பிள்ளை. அவர்களும் பெயரை அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர் பின்னால் திரும்பி, "இவனுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்," என்றார். தன் பெயர் யூசுஃப், லீபான் தன் தம்பியின் மகன் என்றார்.

உள்ளே போய் றெஜினாவிடம் கேட்டேன். "கதைக்க வந்திருக்கினம். விடட்டோ? நீ வேண்டாம் எண்டால் நான் அனுப்பிப்போட்டு வாறன்."

அவள் காலை ஒரு ஸ்ரூலில் நீட்டிக் கதிரையில் இருந்தாள். யோசித்தாள். "வரட்டும். செய்தவனும் வந்திருக்கிறானோ?"

"இல்லை."

"பாத்தியளோ?"

வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கதிரைகள் போதாமல் நிலத்தில் இருந்தார்கள். யூசுஃப் பெரியவர் எனக்காகச் சொல் சொல்லாகப் பேசினார், சின்னப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. அவர் சொன்னது இது: "உடைந்தது உங்கள் கால். உடைத்தது எங்கள் கை. ஒருவன் செய்தால் அது எங்கள் எல்லோரின் கை. கேட்க வந்திருக்கிறோம்."

நான் தமிழில் சொன்னேன். றெஜினா விறைப்பாக இருந்தாள்.

"கேளுங்கோ அண்ணை, ரெண்டு பேர் தள்ள வேண்டிய கூட்டை அவன் ஏன் தனியத் தள்ளினவன்?"

கேட்டேன். அவர்கள் ஏதாவது சாட்டுச் சொல்வார்கள் என்று பார்த்திருந்தேன், லொறி காத்து நின்றது என்று, மற்றவன் வரவில்லை என்று. அதற்கெல்லாம் சோமாலி தேடி வைத்திருந்தேன். பெரியவர் சொன்னது, "அவள் சொல்வது சரி." அவ்வளவுதான். பின்னால் இருந்த எல்லோரும், "சரி, சரி," என்றார்கள்.

றெஜினாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. கந்தோரில் இருந்து எடுத்த ஒவ்வொரு ரெலிபோனிலும் அவளைக் கேட்டது, நிலத்தில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றாய், என்ன சப்பாத்துப் போட்டிருந்தாய் என்பதுதான். நீ சொல்வது சரி என்று அதுவரைக்கும் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"சரி எண்டால் அவன் ஏன் வரேல்லை?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இதற்குப் பதில் நீளமாக வந்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது. திருப்பிக் கேட்டேன், இன்னும் மெதுவாகச் சொன்னார். விசாரணை முடியும்வரை றெஜினாவோடு பேசக் கூடாது, அவள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, போனால் வேலை போய்விடும் என்று கந்தோர் லீபானுக்குச் சொல்லியிருக்கிறது. அவன் ஒவ்வொரு நாளும் பள்ளிவாசலில் வந்து இவர்களிடம் அழுதிருக்கிறான். அவனைத்தான் தடுத்தார்கள், எங்களை ஒருவரும் தடுக்கவில்லை, ஆகவே நாங்கள் வந்தோம் என்றார் பெரியவர்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்க, றெஜினா அன்ரனைப் பார்த்தாள். "எனக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்லையே," என்றாள். எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. டொனாவுக்கும் சொல்லவில்லை என்று பிறகு அறிந்தேன்.

காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் தட்டைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்துத் துணியை எடுத்தார்கள். மஞ்சள் சோறு, மேலே ஒரு ஆட்டுத் தொடை முழுதாக. வீடு முழுக்க வாசம். பெரியவர் வலக்கையால் இறைச்சியில் நல்ல துண்டாகப் பிய்த்து அவள் பக்கம் வைத்தார். காயப்பட்ட ஆள் அதில் ஒரு வாய் சாப்பிட்டால் மனம் ஆறிவிட்டது என்று கணக்கு. சாப்பிடாவிட்டால் ஆறவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

றெஜினா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணை, இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"ஓம், அதுக்கென்ன?"

"தவக்காலம் அண்ணை! வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி வாயிலை வைக்கேலாது. எங்கட கத்தோலிக்க ஒழுங்கு உங்களுக்கு எங்கை தெரியப்போகுது, நீங்கள் சைவசமயக்காரன்!"

பெரியவரின் முகம் இருண்டுகொண்டு வந்தது. அவள் கையை இழுத்ததை மட்டும்தான் அவர் கண்டார். ஏழாம் வகுப்போடு விட்டவனுக்கு அவ்வளவு பேருக்கு முன்னால் பரீட்சை. "இன்றைக்கு அவள் இறைச்சி உண்பதில்லை," என்றேன். பிறகு, "அவள் நோன்பு," என்றேன்.

நோன்பு என்றதும் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். பெரியவர் தானே தட்டைத் தன் பக்கம் இழுத்துத் துணியால் மூடினார். "நோன்பு பிடித்த பெண்ணுக்கு முன்னால் இறைச்சி வைத்தோமே," என்று மற்றவர்களை ஏசினார். சூரியன் விழும்வரை காத்திருக்கிறோம், நோன்பு திறந்ததும் சாப்பிடட்டும் என்றார். நான் அதைச் சொல்ல, றெஜினா தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, சூரியன் விழுந்தாலும் இண்டைக்கு ஏலாது! நாளைக்குத்தான். அதுவரைக்கும் இவ்வளவு பேரும் இதிலையே இருக்கப் போகினமோ?"

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "இஞ்சருங்கோ அன்ரன், குசினியிலை மீன் குழம்பு இருக்கு. சோறும் கிடக்கு. கொண்டுவந்து எல்லாருக்கும் வையுங்கோ. ஒரு சட்டியிலை இருந்து சாப்பிட்டால் சரிதானே? மீன் நான் தின்னலாம்."

எனக்கு அடுத்த பயம். சோமாலியாவின் உள்நாட்டு ஆட்கள் ஒட்டகமும் ஆடும் வளர்த்தவர்கள். மீன் அவர்களுடைய பழைய ஆட்களுக்குச் சாப்பாடே இல்லை, ஏழைக்கும் பூனைக்கும் உரியது என்று ஹோதன் எனக்குச் சொல்லியிருந்தாள். அன்ரன் சட்டியோடு வருகிறான், சூடைமீன் குழம்பு, மன்னார் உறைப்பு. வாசத்திலேயே பின்னால் இருந்த இரண்டு பேர் மெல்லத் தலையைத் திருப்பினார்கள். மீன் என்று சொல்லாமல் விடுவோமா என்றுகூட யோசித்தேன். விடவில்லை. சொன்னேன்.

அன்ரன் எல்லோருக்கும் சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மீனும் வைத்தான். பெரியவர் தன் கோப்பையைப் பார்த்தார். றெஜினா தன் கோப்பையில் ஒரு வாய் குழைத்துச் சாப்பிட்டாள். அவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவர் பிஸ்மில்லா சொல்லி, ஒரு முழு மீனை எடுத்து, ஆட்டிறைச்சியைக் கடிக்கிற மாதிரி நடுவில் கடித்தார்.

"முள்ளு! முள்ளு!" என்று றெஜினா கத்தினாள். "அண்ணை, சொல்லுங்கோ, தொண்டையிலை குத்தப்போகுது!"

மீன் முள்ளுக்குச் சோமாலியில் என்ன என்று எனக்குத் தெரியாது. மீனே சாப்பிடாதவர்களிடம் முள்ளைப் பற்றி நான் எப்போது படித்தேன்? வாயைத் திறந்தபடி நின்றேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. உடைந்த காலை ஸ்ரூலில் விட்டபடி முன்னால் சரிந்து, பெரியவரின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு மீனாகப் பிரித்து, முள்ளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, சதையை மட்டும் சோற்றில் பிசைந்து அவருக்குத் தள்ளினாள். அவர் அதைச் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது. கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை.

திங்கட்கிழமை பாதுகாப்பு அதிகாரி வந்தார். நல்ல மனிதன், கறுத்த பெட்டியோடு. றெஜினா கேட்டதால் மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருந்தேன். நடந்ததை அவள் நடந்தபடி சொன்னாள், லீபான் தனியாகத் தள்ளியது பிழை என்பதையும் விடாமல் சொன்னாள். கடைசியாக அவர் கேட்டார்: அந்த மனிதனோடு திரும்ப வேலை செய்ய உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?

றெஜினா என்னிடம் திரும்பி, தமிழில், கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள்: "அவன்ர பெரியப்பாவுக்கு நான் என்ர கையாலை மீன் முள்ளெடுத்துக் குடுத்திருக்கிறன். இனி என்னண்டு ஆட்சேபணை இருக்கும்? கேக்கிற கேள்வியைப் பாருங்கோவன்."

அதிகாரி பேனையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மொழி தெரிந்தவன் நான். அவருக்கு விளங்குகிற மாதிரி ஒரே ஒரு சொல்தான் சொன்னேன்.

"இல்லை."